செய்திமடல் நூல்: சிறுகடைக்காரர்க்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

நூலென்று ஒன்று எழுதினால் முன்னே பாயிரம் வேண்டும் என்பது நன்னூல் செய்த பவணந்தி முனிவர் விதித்த சட்டம். எவ்வளவு விரிவாக எழுதியிருந்தாலும் பாயிரம் இல்லாததை அவர் நூலென்றே ஒப்பமாட்டார். அவருடைய நூலும் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதன்பேரில் எழுதப்பட்டது. யாரும் கேளாமல் எழுதி அரண்மனைத் திண்ணையில் போட்டுவிட்டு வந்ததன்று. ஒரு சிறு கடை மின்னஞ்சலில் செய்திமடல் தொடங்குவதற்கு வேண்டிய இலக்கணத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள இந்த ஒரு தகுதியே போதும்.

சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்தி சொல்லவேண்டும்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். மடல் தொடங்க விரும்பும் கடைக்காரர் இவ்வெட்டையும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். கும்பகோணத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஆக்கியோன் பெயர் எளிது, கடைக்காரரே. எல்லை, மாதம் ஒன்று. நுதலிய பொருள், காபி. இதுவரை பேனா தடையின்றி ஓடும். கேட்போர் என்ற இடத்தில் ‘அனைவரும்’ என்று எழுதுவார். பயன் என்ற இடத்தில் ‘விற்பனை கூடும்’ என்று எழுதுவார். இரண்டும் வழு. அனைவரும் என்பார் கேட்போர் அல்லர், வழிப்போக்கர். விற்பனை கூடுவது ஆக்கியோனுக்குப் பயன். பாயிரம் வினவுவது படிப்பவர்க்கு என்ன கிடைக்கும் என்பதை. இவ்விரண்டு விடையும் திருந்தும்வரை மென்பொருள் பக்கம் போகவேண்டா என்பது நம் கட்சி.

கேட்பியல்

மடல் மூவகைப்படும்: கேட்ட மடல், கேளா மடல், கேட்டதாகச் சொல்லப்படும் மடல்.

கேட்ட மடல் வெளிப்படை. தூள் வாங்க வந்தவர், ‘அடுத்த தடவை பீபெரி வந்தா சொல்லுங்க’ என்று தம் முகவரியைத் தாமே எழுதிக் கொடுக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும், நூலில் கட்டிய பேனாவும் போதும். இதன்மேல் இரட்டை உறுதி என்றொரு விரிவும் உண்டு. முகவரி கொடுத்தவர்க்கு ‘கேட்டது நீங்கள்தானா?’ என்று ஒரு மடல் போகும்; அதிலுள்ள இணைப்பை அவர் தொட்டால்தான் பட்டியலில் ஏறுவார். நோட்டில் இருந்த சுழியத்தை ஓ என்று படித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு மாதாமாதம் காபிச் செய்தி அனுப்பும் பிழை இதனால் நீங்கும். பலர் அந்த இணைப்பைத் தொடவே மாட்டார்களே எனின், அதைத் தொடாதவர் பின்னால் வரும் மடல்களையும் தொடமாட்டார் என்க.

கேளா மடலுக்கு மூதாதை ஒருவர் உண்டு. 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு, ‘எங்கள் புதுக் கணினியைப் பார்க்க வாருங்கள்’ என்று ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. அவை மிகுந்துபோனதால் முகவரிக்கென்று இருந்த இடத்தில் அடங்காமல் மடலின் உடலுக்குள் வழிந்தன. பெற்றவர் சினந்தனர், வலையை நிர்வகித்தவர்கள் கண்டித்தனர். ஆயினும் அம்மடலால் பல மில்லியன் டாலருக்குக் கணினி விற்றதாகத் துர்க் பின்னாளில் சொல்லிக்கொண்டார். விற்றதல்லவா, பிறகென்ன குற்றம் என்று தடை எழுப்புவாருக்கு விடை: அந்த 400 பேரும் அத்தகைய மடலை வாழ்நாளில் முதன்முதலாகக் கண்டவர்கள். அந்த வாய்ப்பு உலகத்துக்கு ஒருமுறைதான் உண்டு. அதை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

மூன்றாம் வகையில்தான் உலகியல் நடக்கிறது. இதன் கிளைகள் பல. கண்காட்சிக் கடையில் ‘குலுக்கலில் பரிசு’ என்று எழுதிய கண்ணாடிக் கிண்ணத்தில் விழுந்த விசிட்டிங் கார்டுகளிலிருந்து பெற்றது கிண்ண வகை. உறவினர் ஒருவர் கிரகப்பிரவேச அழைப்பை எல்லார் முகவரியும் தெரியும்படி அனுப்பிவைக்க, அதிலிருந்து அள்ளியது அழைப்பிதழ் வகை. இணையப் படிவத்தில் கட்டத்துக்குள் டிக்கை முன்கூட்டியே போட்டுவைத்து, அதை எடுக்க மறந்தவரைச் சேர்த்துக்கொள்வது முன்குறி வகை. ‘சென்னைத் தொழிலதிபர்கள், மருத்துவர்கள், வெளிநாடுவாழ்வோர்’ என்று எக்செல் கோப்பாக விலைக்கு வாங்கியது சந்தை வகை. இதை வாங்குபவர் அறியவேண்டியது, அதே கோப்பு அவருக்கு முன் எத்தனை பேருக்கு விற்கப்பட்டிருக்கும் என்பது.

இவற்றுள் மிகவும் மரியாதையான தோற்றமுடையது பில் வகை. கூரியர் எங்கே வருகிறது என்று அறிவதற்காக வாடிக்கையாளர் முகவரி கொடுத்தார். கொடுத்தது உண்மை, கொடுத்தவர் வாடிக்கையாளர் என்பதும் உண்மை. ஆனால் கொடுத்தது அரைக்கிலோ தூளின் போக்குவரத்துக்காக. அதை எடுத்து ஆடித் தள்ளுபடிக்குப் பயன்படுத்துவதை நல்ல கடைக்காரர்களும் நாணமின்றிச் செய்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடத்தில் இலக்கண ஆசிரியரைப் போலவே பேசுகிறது. ஒப்புதல் என்பது வற்புறுத்தலின்றி, இன்னதற்கென்று குறித்து, விவரம் அறிந்து, ஐயத்துக்கு இடமில்லாமல், தாமே முன்வந்து செய்த செயலால் தரப்படவேண்டும். கொடுத்ததைத் திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்கவேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வாய்ப்பிருக்கவேண்டும். தமிழ் அவற்றில் ஒன்று. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பில் வகையைக் கேட்ட மடலாக மாற்றுவதற்கு வழி இருக்கிறது. பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு வைத்து, ‘மாதம் ஒரு மடல் எழுதுகிறோம், வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று கேட்டால் முடிந்தது. 100 பேரில் சிலரே கேட்பர். அச்சிலரே பட்டியல்.

வழியும் யாப்பும்

வழி என்பது இந்நூல் யாரிடமிருந்து வருகிறது என்னும் மரபு. ஆசிரியப் பரம்பரை சொல்லாத நூலைப் பழையவர் ஏற்கமாட்டார், ஜிமெயிலும் ஏற்காது. இதற்கு மூன்று சான்று வேண்டும். எந்தெந்தச் சர்வர் உங்கள் பெயரில் மடல் அனுப்பலாம் என்று ஊரறிய எழுதிவைப்பது எஸ்பிஎஃப். அனுப்பிய மடல் நடுவில் திருத்தப்படவில்லை என்று காட்டும் முத்திரை டிகேஐஎம். இவ்விரண்டும் பொருந்தாத மடலை என்ன செய்வது என்று பெறுபவர்க்குச் சொல்லிவைப்பது டிமார்க். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றை வலியுறுத்துகின்றன. ஒருநாளில் 5,000க்கு மேல் அனுப்புவோர்க்கு மூன்றும் கட்டாயம். சிறியவர்க்கும் முதலிரண்டில் ஒன்றாவது வேண்டும். ஆகவே ஜிமெயிலில் இலவசமாக எடுத்த முகவரியை ‘அனுப்புநர்’ என்று போட்டு வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து மடல் விடுவது பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில் போய் முடியும். கடையின் பெயரில் சொந்தமாக ஒரு டொமைன் வாங்க ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து செலவு. கடைக்குப் போர்டு எழுதக் கடைக்காரர் இதைவிட அதிகம் கொடுத்திருப்பார்.

இவ்வளவும் எதற்கு, சொந்த ஜிமெயிலிலிருந்தே எல்லாருக்கும் அனுப்பிவிடலாமே என்பாரும் உளர். சாதாரணக் கணக்கில் ஒருநாளைக்கு 500 பேர் என்னும் எல்லை இருப்பது ஒருபுறம். பெறுவோர் முகவரிகளை, அவற்றை மறைக்கும் கட்டத்தில் போடாமல் சிசி என்ற கட்டத்தில் போட்டுவிட்டால், ஒவ்வொரு வாடிக்கையாளரும் மற்ற எல்லா வாடிக்கையாளரையும் அறிந்துகொள்வார். அதில் ஒருவர் ‘எல்லாருக்கும் மறுமொழி’யை அழுத்தி ‘என் பேரை எடுங்க’ என்பார். அடுத்தவர் அதற்கு மறுமொழி எழுதுவார். மெயில்சிம்ப், ஜோஹோ கேம்பெயின்ஸ் போன்ற சேவைகள் பிழைப்பது இந்த அச்சத்தால்தான் என்று சொன்னால் மிகையாகாது.

யாப்பில் தமிழுக்கென்றே சில வழுக்கள் உண்டு. முதலாவது நோட்டீஸ் வழு. டிடிபி கடையில் செய்த வண்ண நோட்டீஸை ஒரே படமாக மடலில் ஒட்டுவது. படம் இறங்காத கைப்பேசியில் அது வெற்றுச் சதுரம். பிறகொருநாள் வாசகர் ‘பீபெரி’ என்று தேடினாலும் அகப்படாது. இவ்வழக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை மின்னஞ்சலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறும், படமாக்கினால் தப்பும். யூனிகோடு வந்தபின் அந்தக் காரணம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

இரண்டாவது விளி வழு. அயல்நாட்டு மென்பொருள் ‘முதற்பெயர்’ என்று கேட்கும். நம்மவர் இனிஷியலில் தொடங்கி எழுதுவார். அதன்பின் மாதந்தோறும் ‘அன்புள்ள கே’ என்று மடல் வரும். கே என்பவர் அவருடைய தந்தையார். பெயரைச் சொல்லியே அழைக்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ‘வணக்கம்’ என்பதில் எந்த வழுவும் நேராது.

மூன்றாவது நீள வழு. ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை ஜிமெயில் அடியில் வெட்டிவிடும். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ‘க’வுக்கு மூன்று, ‘கு’வுக்கு ஆறு. கடைக்காரர் எழுதும் சொற்கள் மட்டும் அந்த எல்லையைத் தொட்டுவிடா. ஆனால் பொத்தான், கட்டம், சாய்வுநிழல் என்று அலங்கார வார்ப்புரு ஒன்றை எடுத்து அதில் தமிழை நிரப்பினால் தொடும். வெட்டுப்படுவது அடிப்பகுதி. விலகுவதற்கான இணைப்பு இருப்பது அந்த அடிப்பகுதியில்தான். விலக வழி தெரியாத வாசகர் என்ன செய்வார் என்பது அடுத்த இயலில் வரும் எருமைக்கு உரியது.

கேட்போரியல்

நன்னூலார் மாணாக்கரை மூன்று தரத்தில் எட்டாக வகுத்தார். தலையாயவர் அன்னமும் பசுவும். இடையர் மண்ணும் கிளியும். கடையர் இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. மடல் வாசகரும் இவ்வெட்டே. நாம் புதிதாகச் செய்யவேண்டியது சிறிது உரை மட்டும்.

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். ஐந்து செய்தி உள்ள மடலில் தமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘ரொபஸ்டா கலக்காமல் கால்கிலோ அனுப்புங்கள்’ என்று மறுமொழி எழுதுவார். பசு வேண்டிய மட்டும் மேய்ந்துவிட்டுப் பிறகு அசைபோடும். வந்தவுடன் படிக்காமல் நட்சத்திரம் இட்டு வைத்து, மூன்று மாத மடலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பவர் இவர். இவரைப் புள்ளிவிவரத்தில் செத்தவர் என்று கருதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது பெரும்பிழை. மண் உழுத அளவுக்கே விளையும். கடைக்காரர் நன்றாக எழுதிய மாதத்தில் வாங்குவார், அரைமனதாக எழுதிய மாதத்தில் வாங்கார். கிளி தான் கேட்டதையே திருப்பிச் சொல்லும்: தம் அலுவலகத்தார் அனைவருக்கும் மடலை முன்னனுப்புவார், தாம் மட்டும் எதுவும் வாங்கமாட்டார். கிளியைப் பழிக்கற்க, பல கடைகளின் பட்டியல் கிளிகளாலேயே வளர்ந்தது.

இல்லிக்குடம் ஓட்டைக் குடம். தாம் கேட்டதையே மறந்து, ‘நீங்கள் யார்?’ என்று எழுதுவார். இவர்பொருட்டே ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘எங்கள் கடையில் முகவரி கொடுத்ததால் இது உங்களுக்கு வருகிறது’ என்ற ஒரு வரி தேவைப்படுகிறது. ஆடு ஒரு செடியில் நிற்காது. நாற்பது மடலுக்குப் பெயர் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தலைப்பை மட்டும் கடிப்பார். அவர்க்குத் தலைப்பே மடல் முழுதும் என்பதால், ‘மே மாதச் செய்திமடல், இதழ் 4’ என்று தலைப்பிடுவது அவரைப் பட்டினி போடுவதாகும். நெய்யரி நெய்யை விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். இவர் அனுப்பும் மறுமொழி முழுவதும் ஒற்றுப்பிழைத் திருத்தம். கடையராக நன்னூலார் வைத்தாலும், இவர் ஒருவரேனும் கடைசி வரி வரை படிக்கிறார் என்று அறிந்து கடைக்காரர் மகிழலாம்.

எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். மடல் வேண்டாமென்றால் விலகும் இணைப்பைத் தேடாமல், எளிதில் அகப்படும் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார். அந்த ஒரு அழுத்தம் மற்றவர்க்குப் போகும் மடலையும் கெடுக்கும். முறையீடு 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்பது கூகுள் விதி. 300 பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் அழுத்தினால் 0.33 விழுக்காடு. பெரு நிறுவனத்துக்கு எருமை மந்தை வேண்டும். சிறுகடைக்கு ஒன்று போதும். எருமையைத் திருத்துதல் இலக்கணத்துக்கு அடங்காது. ஆனால் விலகும் இணைப்பை மடலின் அடியில் சாம்பல் நிறப் பொடியெழுத்தில் ஒளித்துவைக்காமல், மேலேயே ஒருமுறை பெரிதாக வைத்தால் அவர் வாசல் வழியாகவே போவார். விலகுகிறவரிடம் காரணம் கேட்கும் படிவமும், ‘உறுதியாகவா?’ என்று மூன்று முறை வினவும் பக்கமும் எருமைகளை உண்டாக்கும் தொழிற்சாலைகள்.

பவணந்தியார் காணாத ஒன்பதாவது வகை ஒன்றும் இருக்கிறது. மடல் திறக்கப்பட்டதா என்பதை, அதனுள் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப்படம் இறங்குவதைக்கொண்டு சேவைகள் கணக்கிட்டுவந்தன. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில், வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே தானே இறக்கிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அலுவலக மின்னஞ்சல்களைக் காக்கும் மென்பொருள் சிலவோ இணைப்புகளையும் தாமே தொட்டுப் பார்க்கும். ஆகவே மடலைத் திறந்து, எல்லா இணைப்பையும் ஒரே நொடியில் தொட்டு, எதையும் வாங்காமல் போகும் வாசகர் ஒருவர் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறார். திறந்தோர் எண்ணிக்கையைக் கண்டு குதிக்கும் கடைக்காரர் இவரைத்தான் கொண்டாடுகிறார். மறுமொழி எத்தனை வந்தது, கடைக்கு வந்து ‘மடல்ல எழுதியிருந்தீங்களே’ என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்பதே எண்ணத்தக்கது.

பொருளியல்

பொருளால் மடல் பலவாயினும், பண்டிகை மடல், தள்ளுபடி மடல், புதுவரவு மடல் என்பவற்றை மாணாக்கர் தாமே எழுதிவிடுவர். அவற்றுக்கு உரை வேண்டா. ஆசிரியர் திறம் தெரிவது விலையேற்ற மடலில்.

நியூயார்க் சந்தையில் அராபிகா விலை 1977இல் தொட்ட உச்சத்தை 2024 டிசம்பரில் தாண்டியது. ரொபஸ்டாவும் அவ்வாண்டில் வரலாறு காணாத விலைக்கு ஏறியது. பிரேசிலிலும் வியட்நாமிலும் நிலவிய வறட்சி முதன்மைக் காரணம். கும்பகோணத்தில் தூள் விலை ஏறியபோது பெரும்பாலான கடைகள் செய்தது, பலகையில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதியது. மடல் உள்ள கடைக்காரர் வேறு விதமாகச் செய்திருக்கலாம். கொட்டை விலை இவ்வளவு ஏறியது. தூளில் இவ்வளவு ஏற்றுகிறோம். சிக்கரியைக் கூட்டி விலையை அப்படியே வைத்திருக்க முடியும், ஏனெனில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையாதவரை சட்டம் தடுப்பதில்லை; பாக்கெட்டில் அச்சிட்டால் போதும். நாங்கள் 80க்கு 20 என்ற கலவையை மாற்றவில்லை. விலை கட்டாதவர்க்கு 70க்கு 30 இருக்கிறது, டிகாக்ஷன் சற்றுக் கறுப்பாக இறங்கும், மணம் குறையும். இப்படி ஒரு மடல் எழுதுவதற்கு எந்த வார்ப்புருவும் உதவாது. கல்லாவில் நின்றபடி நெருக்கடி நேரத்தில் இதைச் சொல்லவும் முடியாது. பாயிரத்தில் கேட்ட பயன் என்னும் வினாவுக்கு விடை இத்தகைய மடலில் தானே வந்து உட்காரும். பீபெரி என்பது ஒரு பழத்துக்குள் இரண்டாக இருக்கவேண்டிய கொட்டை ஒன்றாக உருண்டு திரள்வது என்று தெரியாமலே இருபது ஆண்டாக அதைக் கேட்டு வாங்குபவர் இருக்கிறார். அவருக்கு அது ஒரு மடல்.

ஆசிரியர் ஆகாதார்க்கு நன்னூல் நான்கு உவமை சொல்கிறது. மடல் எழுதுவோர் குற்றமும் அந்நான்கே. கழற்சிக்காய் நிறைத்த குடம், முதலில் சொல்லவேண்டியதைக் கடைசியில் கொட்டும். மடற்பனை தானாக விழுந்தால்தான் பழம். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, பிறகு அடுத்த தீபாவளிக்கு. பருத்திக் குண்டிகை சிறிது சிறிதாகவே வெளிவிடும். ஒரு செய்தியை நான்கு மடலாக இழுக்கும். முடத்தெங்கு வளர்வது தன் கொல்லையில், காய் விழுவது அடுத்தவர் கொல்லையில். பட்டியலை ஏதேனும் ஒரு சேவையில் வளர்த்துவிட்டு, அதன் நகலை ஒருமுறைகூடத் தன் கணினியில் எடுத்துவைக்காதவரும், மடல் வாசகரையெல்லாம் இன்ஸ்டாகிராமுக்கு அனுப்பிவைப்பவரும் இவ்வகையினர். கணக்கு முடங்கும் நாளில் இவர் அழுகுரல் கேட்கும்.

புறனடை

தெருவில் இருப்பவர்க்கே விற்கும் கடைக்கு மடல் வேண்டா. பலகையும் சாக்பீஸும் போதும். கீரை, மீன் முதலிய அன்றாடம் மாறும் சரக்குக்கு வாட்ஸாப்பே ஏற்றது. குடிபெயர்ந்துபோன ஊர்களிலிருந்து கேட்டு வாங்குவோர் உள்ள சரக்கு, விளக்கம் வேண்டும் சரக்கு, கெடாத சரக்கு என்னும் மூன்றுக்கே இந்நூல் பொருந்தும்.

நிறுத்துவதற்கும் விதி உண்டு. பல மடல்கள் நிற்பதில்லை, காணாமற்போகின்றன. நிறுத்தும்போது ஒரு கடைசி மடல் எழுதி, முகவரிகளை அழித்துவிட்டதாக அதில் சொல்லவேண்டும். அழித்துவிட்டால் அக்கடைசி மடலை யாருக்கு அனுப்புவது என்று வினவும் மாணாக்கர், ‘இன்று மாலை அழிக்கிறோம்’ என்று எழுதிக் காலையில் அனுப்பி, மாலையில் அழிக்க.